பழி சுமத்தும் முன் பழுதைத் தேடுவோம்



குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் கழுதைகளையும் மனிதன் ஏறிச் செல்வதற்காகப் படைத்ததாகக் கூறும் அந்நஹ்ல் அத்தியாயத்தின் எட்டாம் வசனம், மனிதர் அறியாதவற்றையும் அல்லாஹ் படைப்பதாகச் சொல்லி நிறைவடைகிறது. இன்று நாம் ஏறிச் செல்லும் வாகனங்களையும் அச்சொல்லுக்குள் அடக்கிப் பொருள் கொள்ளும் விரிவுரையாளர்கள் உண்டு. வாகனத்தில் அமர்ந்தவுடன் நாம் ஓதும் துஆவும், இதை வசப்படுத்தும் ஆற்றல் நமக்குச் சொந்தமாக இருந்ததில்லை என்பதையே நினைவூட்டுகிறது. வாகனம் சீராக ஓடும் நாட்களில் நாவு மட்டுமே ஓதும் அந்த துஆவை, அது பாதிவழியில் தடுமாறும் நாளில்தான் உள்ளமும் சேர்ந்து ஓதுகிறது.

புதிய வாகனம் ஒன்று பழுதுபடும்போது நம் பொறுமை சோதிக்கப்படுவது ஒரு பக்கம். நம் நீதி சோதிக்கப்படுவது இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது சோதனையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அதைப் பற்றி எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் கார் வாங்கி 11 மாதங்கள் ஆகியிருந்தன. ஓடியது 14,000 கிலோமீட்டர். நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. ஷோரூம் தந்த உத்தரவாதக் காலம் இன்னும் பெருமளவு மிச்சமிருந்தது. வாப்பாவுக்குச் சிறுநீரகச் சிகிச்சைக்காக வாரம் இருமுறை சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகவேண்டிய நிலை. போக ஏறக்குறைய 55 கிலோமீட்டர். திரும்ப அதே தொலைவு. டயாலிசிஸ் முடிந்து களைத்துப் போன உடலைப் பேருந்து நிலையத்தில் நிற்க வைக்க மனம் ஒப்பாமல் வாங்கிய வண்டி அது.

ஐப்பசி மழை தொடங்கியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, பனவடலிசத்திரம் கடந்து தேவர்குளம் நெருங்கும்போது வண்டி குலுங்கத் தொடங்கியது. மிதித்தால் இழுவை இல்லை. நம் ஊர்ப் பட்டறைகளில் சொல்வார்களே, 'மிஸ்ஸிங் அடிக்கிறது' என்று, அதேதான். இன்ஜின் வடிவிலான மஞ்சள் விளக்கு முகப்பில் விட்டுவிட்டு மின்னியது. ஓரமாக நிறுத்தி, கால் மணி நேரம் கழித்து மீண்டும் எடுத்தபோது ஒன்றுமே நடவாதது போல் ஓடியது. அடுத்த செவ்வாயன்றும் ஏறக்குறைய அதே தொலைவு ஓடிய பின்னர் அதே தடுமாற்றம்.

இந்த விளக்கைப் பற்றி ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. விளக்கு அணையாமல் எரிந்தால் விரைவில் வண்டியைக் காட்ட வேண்டும் என்று பொருள். விட்டுவிட்டு மின்னினால் இன்ஜினில் எரியாத பெட்ரோல் புகைப்போக்கிக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்படிப் போகும் பெட்ரோல், அங்குள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரிந்து அதை அளவுக்கு மீறிச் சூடாக்கிப் பாழ்படுத்திவிடும். அந்த நிலையில் வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவதே முறை.

சனிக்கிழமை சர்வீஸ் நிலையத்தில் வண்டியை விட்டேன். ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள். அரை மணி நேரத்தில் சர்வீஸ் அட்வைசர் வந்தார். "சார், பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு. மழைக்காலம் பாருங்க, நிறைய வண்டி இப்படித்தான் வருது. டேங்கைக் கழுவி, இன்ஜெக்டரை சுத்தம் பண்ணி, பிளக் மாத்திடலாம். எரிபொருள் கோளாறு உத்தரவாதத்துல வராது" என்றார். செலவு 38,000 ரூபாய் என்று ஒரு மதிப்பீடும் தந்தார்.

அவர் சொன்னது நடக்கக்கூடாத ஒன்றல்ல. நம் நாட்டில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, இப்போது எங்கும் பரவிவிட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் தன்மை கொண்டது. பங்கின் நிலத்தடித் தொட்டிக்குள் மழைநீர் புகுந்தால், எத்தனால் அந்தத் தண்ணீரோடு சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். அப்படிப் பிரிந்ததை நிரப்பிய வண்டி ஓடாது. ஆகவே மழைக்காலத்தில் எழும் இந்தச் சந்தேகத்துக்கு அடிப்படை உண்டு. ஆனால் சந்தேகத்துக்கு அடிப்படை இருப்பது வேறு. அது மெய்ப்பிக்கப்படுவது வேறு. தொட்டியிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் பெட்ரோலை எடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார்.

நான் இரண்டு வேண்டுகோள்களை மட்டும் வைத்தேன். ஸ்கேனரில் தெரிந்த பிழைக் குறியீட்டை ஜாப் கார்டில் எழுதித் தாருங்கள். நான் ஒப்புதல் தரும்வரை அதை அழிக்காதீர்கள். அவர் எழுதித் தந்தார். 'பி0303' என்றிருந்தது. வண்டியை மெதுவாக ஓட்டி ஊருக்குக் கொண்டுவந்து வீட்டில் நிறுத்தினேன்.

பழுது வண்டியை விட்டு ஊருக்குள் பரவியது அன்று மாலைதான். மஃரிபுக்குப் பின் பள்ளிவாசல் வராந்தாவில் நின்றவர்களிடம் சர்வீஸ் நிலையத்தில் சொன்னதைச் சொன்னேன். எந்த பங்கில் போட்டாய் என்று ஒருவர் கேட்டார். சொன்னேன். உடனே இன்னொருவர், அந்த பங்கு எப்போதுமே அப்படித்தான் என்றார். என் மச்சான் மகன் கைப்பேசியை எடுத்து, ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்தியைத் தட்டச்சு செய்துவிட்டான்: பங்கின் பெயர், இருக்கும் இடம், பெட்ரோலில் தண்ணீர் கலக்கிறார்கள், யாரும் போடாதீர்கள். "அனுப்பிடவா மாமா?" என்று கேட்டான். அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மற்றவர்களுக்கும் இந்த இழப்பு வரக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். "வேண்டாம்ப்பா, கொஞ்சம் பொறு" என்றேன்.

ஏன் பொறுக்க வேண்டும்? ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரித்துத் தெளிவு பெறும்படியும், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்தும் நிலைக்கு ஆளாக வேண்டாம் என்றும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் கட்டளையிடுகிறது. அதே அத்தியாயத்தின் பன்னிரண்டாம் வசனம் அதிகமான சந்தேகங்களை விட்டு விலகச் சொல்கிறது. கேள்விப்பட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை இமாம் முஸ்லிம் தம் ஸஹீஹின் முன்னுரையிலேயே பதிவு செய்திருக்கிறார். இறுதி ஹஜ்ஜின் பேருரையில் உயிருக்கும் பொருளுக்கும் தந்த அதே புனிதத்தை நபி (ஸல்) அவர்கள் மனிதரின் மானத்துக்கும் தந்தார்கள். ஒரு பங்கு என்பது ஒரு முதலாளியின் பெயர் மட்டுமன்று. காலையிலிருந்து இரவுவரை நின்றுகொண்டே குழாய் பிடிக்கும் எட்டுப் பத்துப் பேரின் சோறும் அதில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒருமுறை போய்விட்ட சொல் எத்தனை கைகள் மாறும் என்பது நமக்குத் தெரியும். பின்னால் மறுப்புச் செய்தி அனுப்பினால் அது முதல் செய்தி போன இடமெல்லாம் போய்ச் சேராது.

வாதிப்பவர்மீதே ஆதாரத்தின் பொறுப்பு என்பது நம் சட்டநூல்களின் அடிப்படை விதிகளுள் ஒன்று. பங்கின்மீது குற்றம் சொல்வதென்றால் ஆதாரம் நம்மிடம் இருக்க வேண்டும். ஆகவே ஞாயிறு காலை அந்த பங்குக்கே போனேன்.

நுகர்வோர் எவரும் எந்த பங்கிலும் கேட்டுப் பெறக்கூடிய மூன்று சோதனைகள் உண்டு. பலர் அறிவதில்லை. ஒன்று, வடிதாள் சோதனை. வெள்ளைத் தாளில் ஒரு துளி பெட்ரோலை விட்டால், சுத்தமானதாக இருந்தால் கறை ஏதும் விடாமல் ஆவியாகிவிடும். இரண்டு, அடர்த்திச் சோதனை. கண்ணாடிக் குடுவையில் பெட்ரோலை எடுத்து, ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, வெப்பநிலையோடு சேர்த்துக் கணக்கிட்டு, பதிவேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடுவார்கள். வேறுபாடு கனமீட்டருக்கு 3 கிலோவுக்குள் இருக்க வேண்டும். மூன்று, அளவுச் சோதனை. முத்திரையிட்ட 5 லிட்டர் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லலாம்.

உரிமையாளர் முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "நல்லது பாய், நேரா வந்து கேட்டீங்க" என்றார். அடர்த்தி பதிவேட்டோடு ஒத்திருந்தது. நிலத்தடித் தொட்டிக்குள் அளவுகோலை விட்டுத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கும் பசையைக் கோலின் நுனியில் தடவி இறக்கிக் காட்டினார். தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசை அது. மாறவில்லை. மழைக்காலத்தில் ஒவ்வொரு நாளும் இதைப் பார்ப்பதாகச் சொல்லி, நான் பெட்ரோல் நிரப்பிய நாளின் பதிவையும் எடுத்துக் காட்டினார். அன்று அதே குழாயில் பெட்ரோல் நிரப்பிய பள்ளி வேன் ஒன்றின் ஓட்டுநரையும் கண்டு கேட்டேன். அவர் வண்டிக்கு எந்தக் குறையும் இல்லை.

பெட்ரோலில் குறையில்லை என்று இதைக் கொண்டு அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. ஆனால் அதன்மீது இருந்த சந்தேகம் பெருமளவு தேய்ந்துவிட்டது. இனி வண்டியே பேச வேண்டும்.

இன்றைய வண்டிகள் உண்மையில் பேசுகின்றன. இன்ஜினின் குறைகளைத் தானே கண்டு பதிந்துகொள்ளும் ஓபிடி அமைப்பு அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதுக் கார்களிலும் பொதுவான வடிவில் கட்டாயமாயிற்று. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளின் காலத்தில் நுழைந்து, 2020 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6 விதிகளோடு மேலும் கடுமையாயிற்று. இன்ஜினின் முதுகெலும்பான கிராங்க் தண்டு சுழலும் வேகத்தை ஓர் உணரி கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது தண்டுக்கு ஓர் உந்துதல் கிடைக்கும். ஒன்று எரியாமல் போனால் அந்த நொடித்துளியில் தண்டு சற்றே தளரும். எந்தச் சிலிண்டரின் முறையில் தளர்ந்தது என்பதைக் கணினி குறித்துக்கொள்ளும். 'பி0303' என்ற குறியீட்டில், 'பி' என்பது இன்ஜினும் கியரும் சேர்ந்த பகுதியைக் குறிக்கும். அடுத்த 0, எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு என்பதைக் காட்டும். 3 என்பது தீப்பொறி, மிஸ்ஃபயர் சார்ந்த குறை. இறுதி 03, மூன்றாம் சிலிண்டர்.

இங்கேதான் சிந்திக்க வேண்டியது இருக்கிறது. நான்கு சிலிண்டர்களும் ஒரே தொட்டியிலிருந்து ஒரே குழாய் வழியாகவே பெட்ரோலைப் பெறுகின்றன. அந்தப் பெட்ரோல் கெட்டதென்றால் தடுமாற்றம் பல சிலிண்டர்களில் தெரிவதே இயல்பு. அதற்கென்று 'பி0300' என்ற தனிக் குறியீடே உண்டு. மூன்றாவது மட்டும் தவறுகிறது என்றால், மூன்றாவதற்கு மட்டும் உரியதான ஏதோ ஒன்றில் குறை இருக்கவே வாய்ப்பு அதிகம். அதன் தீப்பொறியைத் தரும் இக்னிஷன் காயில், அதன் ஸ்பார்க் பிளக், அதன் இன்ஜெக்டர், அதன் அழுத்தம் ஆகிய நான்கினுள் ஒன்று. வண்டி சூடேறிய பின்னரே தடுமாறியதும், ஆறியதும் சரியானதும் காயிலைச் சுட்டின. காயிலுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிச் சுருளின் காப்புறை பலவீனமாக இருந்தால், குளிர்ந்திருக்கும்போது தாக்குப்பிடிக்கும்; சூட்டில் கைவிடும். பாரம் ஏற்றி, ஏசி போட்டு, உயர் கியரில் மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடி, பொறி பாய அதிக மின்னழுத்தம் வேண்டியிருக்கும். பலவீனமான காயில் அப்போதுதான் தோற்கும்.

இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. மூன்றாம் சிலிண்டரின் காயிலை இரண்டாவதில் பொருத்தி, இரண்டாவதன் காயிலை மூன்றாவதில் பொருத்த வேண்டும். வேறு எதையும் தொடக்கூடாது. பின்னர் வண்டியைச் சூடேறும்வரை ஓட்ட வேண்டும். குறியீடு 'பி0302' என்று மாறினால், குறை காயிலோடு சேர்ந்தே இடம்பெயர்ந்தது, காயிலே குற்றவாளி. மாறாமல் 'பி0303' என்றே வந்தால் காயில் நிரபராதி. அடுத்ததைப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் பிளக்கையும் காயிலையும் இன்ஜெக்டரையும் மாற்றிவிட்டால் வண்டி சரியாகலாம். ஆனால் எதனால் கெட்டிருந்தது என்பது எவருக்கும் தெரியாமல் போகும். குற்றமற்ற பொருளுக்கும் நாம் பணம் கொடுத்திருப்போம்.

பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இதை விளக்கியபோது, தாமே மாற்றிப் பார்த்துத் தருவதாகவும் சொன்னார். உத்தரவாதத்தில் உள்ள வண்டியை வெளியே பிரித்தால் பின்னர் அதையே காரணமாகக் காட்டுவார்கள் என்பதால் வேண்டாமென்று முடிவு செய்தோம். சர்வீஸ் நிலையத்திலேயே, அவர்கள் கையாலேயே சோதிக்கச் சொல்வதுதான் முறையானது.

புறப்படும் முன் நலம் விரும்பி ஒருவர் ஓர் அறிவுரை சொன்னார். முதல் தடுமாற்றத்துக்கு முந்தைய நாள், ஒரு ரயில்வே சுரங்கப்பாதையில் கணுக்கால் அளவு தேங்கியிருந்த மழைநீரில் வண்டி மெதுவாகக் கடந்து வந்திருந்தது. ஊரில் எல்லா வண்டிகளும் அப்படித்தான் கடந்தன. "அதை மட்டும் சொல்லிடாதீங்க, தண்ணி புகுந்துச்சுன்னு சொல்லிக் கையை விரிச்சிடுவாங்க" என்றார் அவர். அவர் சொன்னதில் உலக அனுபவம் இருந்தது. ஆனால் விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவர்களது வணிகத்தில் பரக்கத் உண்டு. மறைத்துப் பொய்யுரைத்தால் அந்தப் பரக்கத் அழிந்துவிடும் என்ற கருத்தில் ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ், இரு தரப்பையுமே சேர்த்துச் சொல்கிறது. விற்பவர் மறைத்தால் ஏமாற்று, வாங்கியவர் மறைத்தால் சாமர்த்தியம் என்ற பிரிவு அதில் இல்லை.

திங்களன்று சர்வீஸ் நிலையத்தில் நான் வாதாடவில்லை. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: எத்தனை கிலோமீட்டர் ஓடிய பின், என்ன வேகத்தில், ஏசி ஓடியதா, விளக்கு எரிந்ததா மின்னியதா, எப்போது பெட்ரோல் போட்டது, சுரங்கப்பாதைத் தண்ணீரைக் கடந்தது எந்த நாள், பங்கில் பார்த்த சோதனைகளின் முடிவுகள். காயிலை இடம் மாற்றிச் சோதிக்கும்படி வேண்டுகோள். அட்வைசர் தயங்கினார். உள்ளேயிருந்து மூத்த தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் வந்து தாளை நிதானமாகப் படித்தார். "தண்ணியைக் கடந்ததையும் எழுதியிருக்கீங்களே. அப்ப முதல்ல அதைப் பார்த்துடலாம்" என்றார்.

பிளக் பொருந்தியிருக்கும் குழிகளைத் திறந்து பார்த்தார். நான்கும் உலர்ந்திருந்தன; துருவோ நீர்த்தடமோ இல்லை. காற்று வடிகட்டியும் உலர்ந்தே இருந்தது. தொட்டியிலிருந்து குப்பியில் எடுத்த பெட்ரோல் அரை மணி நேரம் கழித்தும் இரண்டாகப் பிரியவில்லை. பிறகு காயில்களை இடம் மாற்றிப் பொருத்தி, என்னையும் ஏற்றிக்கொண்டு நாற்கர சாலையில் ஓட்டினார். நாற்பது நிமிடங்கள் எதுவும் நிகழவில்லை. திரும்பும்போது குலுங்கியது. ஸ்கேனரில் 'பி0302'. அவர் சிரித்துக்கொண்டே, "கூடவே வந்துட்டான் சார்" என்றார்.

காயில் உத்தரவாதத்தின்கீழ் மாற்றப்பட்டது. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்து, தேய்மானம் இல்லை என்று அவற்றையே திரும்ப மாட்டினார். எனக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. அல்ஹம்துலில்லாஹ். மறைக்கச் சொன்ன செய்தியே, மழைநீர்தான் காரணம் என்ற வாதத்துக்கு இடமில்லாமல் செய்தது. சொல்லாமல் விட்டிருந்தால் அந்தச் சோதனை நடந்திருக்காது. சந்தேகம் மட்டும் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்திருக்கும்.

விற்ற பொருளில் உள்ளே மறைந்திருக்கும் குறையைப் பற்றி நம் மார்க்கம் மிக விரிவாகப் பேசியிருக்கிறது. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டதையும், மழையில் நனைந்தது என்று வணிகர் சொன்னபோது, மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டதையும், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்ததையும் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அங்கே கவனிக்க ஒன்று இருக்கிறது. நபியவர்கள் மேலே தெரிந்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. கையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். பின்னர் வணிகரிடம் விளக்கம் கேட்டார்கள். அதன் பின்னரே கண்டித்தார்கள்.

அந்தத் தானியக் குவியல் நம் காலத்திலும் உண்டு. 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்தின் டீசல் கார்களில் கண்டறிந்தது அதுவே. சோதனைக்கூடத்தில் இருக்கிறோம் என்பதை உணர்ந்து, அப்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருள் உள்ளே வைக்கப்பட்டிருந்தது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 இலட்சம் கார்களில் அது இருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. இந்தியாவில் 3,23,700 கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாக அந்நிறுவனம் அறிவித்தது. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, இந்திய விதிகளைத் தாம் மீறவில்லை என்று கூறி அந்நிறுவனம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. மேற்குவியல் உலர்ந்திருந்தது, உள்ளே கை விட்டவர்களுக்கே ஈரம் தெரிந்தது.

துணி வணிகராக இருந்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், குறையுள்ள துணி ஒன்றைக் குறையைச் சொல்லி விற்கும்படி தம் கூட்டாளியிடம் கொடுத்தார்கள் என்றும், அவர் சொல்ல மறந்து விற்றுவிட, வாங்கியவரையும் கண்டுபிடிக்க இயலாமற்போகவே, அந்த விற்பனைத் தொகையையே தர்மம் செய்துவிட்டார்கள் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அதே நேர்மையின் சட்டவடிவம்தான் ஃபிக்ஹ் நூல்கள் கூறும் 'கியாருல் ஐப்'. வாங்கும்போதே பொருளில் இருந்து, வாங்கியவர் அறியாத குறை பின்னர் வெளிப்பட்டால், பொருளைத் திருப்பித் தந்து பணத்தைப் பெறவோ, அப்படியே வைத்துக்கொள்ளவோ அவருக்கு உரிமை உண்டு. குறை தெரிந்தவுடன் தாமதிக்காமல் சொல்ல வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. தெரிந்த பின்னரும் மனம் ஒப்பிப் பயன்படுத்திக்கொண்டே இருந்தால் அந்த உரிமை நழுவிவிடும். வண்டியின் உத்தரவாதத்துக்கும் இது பொருந்தும் நல்ல பாடம். விளக்கு எரிந்த அன்றே சொல்லுங்கள்.

உத்தரவாதம் என்பது ஓர் உடன்படிக்கை. உடன்படிக்கைகளை நிறைவேற்றும்படி அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனம் ஏவுகிறது. அதன் நிபந்தனைகள் நம்மையும் கட்டுப்படுத்தும், நிறுவனத்தையும் கட்டுப்படுத்தும். உரிய காலத்தில் சர்வீஸ் செய்து ரசீதுகளைச் சேர்த்து வைப்பது நம் கடமை. காரோடு சேர்ந்தே வரும் உத்தரவாதத்துக்கும், தனியே பணம் கட்டி வாங்கும் நீட்டிப்பு உத்தரவாதத்துக்கும் வேறுபாடு உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. பின்னதைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதால், வாங்கும் முன் உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேர்மையாகக் கேட்டும் நியாயம் கிடைக்காதபோது என்ன செய்வது? சும்மா இருப்பது பொறுமையாகாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. நாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 50 இலட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். சோதனையின்றி முடிவு செய்ய இயலாத குறையென்றால் பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை பெறவும் சட்டம் வழிசெய்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எதிர்பார்ப்பிலும் நாம் நிதானம் காக்க வேண்டும். மாருதி உத்யோக் நிறுவனம் தொடர்பான வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், உத்தரவாதம் குறையுள்ள பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோதான் நிறுவனத்தைக் கட்டுப்படுத்துகிறது என்று கூறியது. ஒரு காயிலுக்காகப் புதுக் காரே வேண்டுமென்று கேட்பது நம் உரிமையைத் தாண்டிய கேட்பு.

இத்தனையும் சொன்ன பின், என் மனதில் நிற்பது அனுப்பப்படாத அந்த வாட்ஸ்அப் செய்திதான். அது போயிருந்தால், ஒரு சிறிய காயிலின் குறைக்காக ஒரு மனிதரின் நற்பெயர் விலையாகியிருக்கும். காயிலை உத்தரவாதம் மாற்றித் தந்துவிட்டது. அந்த நற்பெயரை எந்த உத்தரவாதமும் மாற்றித் தந்திருக்காது. மறுமையில் அவர் நம் நன்மைகளிலிருந்து எடுத்துக்கொண்டிருப்பார். என் மச்சான் மகன் அந்த வரைவை அழித்துவிட்டு, பங்கில் நுகர்வோர் கேட்டுப் பெறக்கூடிய மூன்று சோதனைகளைக் குழுவில் எழுதிப் போட்டான். பலர் பயனடைந்தார்கள்.

வண்டியின் பழுதுக்கு மட்டுமன்று, வீட்டிலும் ஜமாஅத்திலும் எழும் பழுதுகளுக்கும் இதே முறைதான். பிள்ளையின் மதிப்பெண் குறைந்தாலும், கூட்டு வணிகத்தில் கணக்கு இடித்தாலும், முதலில் யார் என்று கேட்காமல் எங்கே என்று கேட்போம். ஒவ்வொன்றாகச் சோதிப்போம். நமக்குப் பாதகமானதையும் சேர்த்தே சொல்வோம். தெளிவு வரும்வரை நாவையும் விரலையும் காத்துக்கொள்வோம்.

உண்மையை உண்மையாகக் காணவும் அதைப் பின்பற்றவும், சந்தேகத்தின்மேல் தீர்ப்பளிக்காத உள்ளத்தைப் பெறவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. நம் பயணங்களையும் பயணிக்கும் முதியோரையும் நோயாளிகளையும் அவன் தன் பாதுகாப்பில் வைத்துக்கொள்வானாக. ஆமீன்.